அம்மா பங்கு

இசோகுமோவைப் பற்றி யாரும் எழுதப் போவதில்லை. கீழ்த்தட்டிலேயே நின்றுபோன சுமோ பயில்வானைப் பற்றி எவன் எழுதுவான்? பதினெட்டு மாதம் எங்கள் கூடத்தில் இருந்தான். எட்டுப் போட்டிகளில் கோதாவில் இறங்கினான். இருபத்தொன்பது ஆட்டம் ஜெயித்தான், இருபத்தேழு தோற்றான். பழைய தரப்பட்டியல்களைத் தூசி தட்டிப் பார்த்தால் மிகச் சின்ன எழுத்தில் அவன் பெயர் இருக்கும். நான் எழுதுகிறேனே என்றால் அதற்குக் காரணம் இருக்கிறது. ஒரு கடிதம் எழுதித்தான் அவனைக் கெடுத்தேன். அதை ஒப்புக்கொள்வதையும் எழுதியே தொலைக்கிறேன்.

என் பெயர் தொக்கோமாசா. கூடத்தில் குடுமி கட்டுகிறவன். பதினைந்து வயதில் வந்தேன், அறுபத்தைந்தில் பூங்கொத்து கொடுத்து அனுப்பி வைத்தார்கள். குடுமி கட்டுவது என்றால் ஏதோ சீவி முடிகிற வேலை என்று நினைத்துவிடாதீர்கள். முதலில் தலையை வெந்நீரில் நனைத்து, முடியின் வளைவு போகிற வரைக்கும் மண்டையோடு சேர்த்துப் பிசைய வேண்டும். அதற்கப்புறம்தான் மெழுகெண்ணெய், சீப்பு, காகித நூல் எல்லாம். தினமும் பதினான்கு தலை பிசைகிறவனுக்கு, எந்தத் தலையில் நேற்று இல்லாத வீக்கம் இன்றைக்கு இருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டே தெரியும். எனக்கும் தெரியும். ஆனால் முப்பத்தைந்து வருஷமாக நான் வாயைத் திறந்ததில்லை.

இசோகுமோவின் சொந்தப் பெயர் ஒனோதெரா கத்சுமி. வடக்கே அவோமோரியின் மேற்குக் கரைக்காரன். நாலு வருஷம் கணவாய் மீன் பிடிக்கிற படகில் போனவன். உள்ளங்கை இரண்டிலும் தூண்டில் நரம்பு அறுத்த தழும்பு வரிவரியாக இருக்கும். ஊர்க் கோயில் திருவிழாவில் ஐந்து வருஷம் தொடர்ந்து எல்லோரையும் தூக்கிப் போட்டான் என்று யாரோ சொல்லி, கூடத்தை நடத்துகிற வாத்தியார் போய் அழைத்து வந்தார். அப்போது அவனுக்கு இருபத்திரண்டு வயது. மற்றவர்கள் எல்லாம் பள்ளிக்கூடம் முடித்த கையோடு பதினைந்தில் வருகிறவர்கள். இவன் மீசை மழித்து, நாலு இடம் பார்த்து, பெரியவனாக வந்தான். அதுதான் வினையாகப் போயிற்று.

வந்த முதல் நாளே குளியலறையில் சறுக்கினான். கால் சறுக்கவில்லை, வாய் சறுக்கியது. மூத்தவர்கள் குளிக்கிற நேரம் என்று தெரியாமல் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு உள்ளே போயிருக்கிறான். தொட்டியில் குரோமினே சாய்ந்து உட்கார்ந்திருந்தான். குரோமினேக்கு வயது இருபது. கூடத்தில் ஐந்து வருஷம். இவன் அவனைப் பார்த்து, "தம்பி, கொஞ்சம் நகந்துக்கப்பா, நானும் இறங்குதேன்" என்று சொல்லிவிட்டான்.

எங்கள் உலகத்தில் வயதுக்கு மரியாதை கிடையாது. எவன் முதலில் வாசல் மிதித்தானோ அவன் அண்ணன். ஒரு மாதம் முந்தி வந்த பதினாறு வயதுப் பொடியனாக இருந்தாலும் அவனை அண்ணே என்றுதான் கூப்பிட வேண்டும், அவன் முதுகைத் தேய்த்துவிட வேண்டும், அவன் சாப்பிட்டு எழுந்த பிறகு சட்டியில் மிஞ்சியதைத்தான் தின்ன வேண்டும். இதை யாரும் சொல்லித் தருவதில்லை. வாங்கித்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

குரோமினே கோபப்படவில்லை. சிரித்தான். "வாங்கண்ணே, வாங்க. நல்லா இறங்குங்க. நாளைக்குக் காலையில உங்களுக்குக் கொஞ்சம் செல்லம் கொடுக்கிறேன்" என்றான்.

இசோகுமோ குளித்து முடித்து என் அறைப் பக்கம் வந்தான். முகமெல்லாம் சந்தோஷம். "இங்கன எல்லாரும் தங்கமா இருக்காவளேண்ணே! அந்தப் பய சின்னவன்தான், ஆனா செல்லம் கொடுப்பேங்கான்" என்றான். நான் எண்ணெய் டப்பாவைத் துடைத்துக்கொண்டிருந்தேன். வெளியிலிருந்து வந்தவன் காதில் அந்தச் சொல் எப்படி விழுகிறது என்று அன்றைக்கே என் மரமண்டைக்கு உறைத்திருக்க வேண்டும்.

செல்லம் என்றால் எங்கள் கூடத்தில் என்ன என்று சொல்லிவிடுகிறேன். மூத்தவன் நெஞ்சைக் காட்டிக்கொண்டு நிற்பான். இளையவன் ஓடி வந்து முட்டித் தள்ள வேண்டும். தள்ள முடியாவிட்டால் கழுத்தைப் பிடித்து மண்ணில் உருட்டுவான். எழுந்து மறுபடி முட்ட வேண்டும். மூச்சு நின்று விழுந்தால் மூங்கில் கழி. வாயில் மண். எழ மாட்டேன் என்றால் தலையில் காலை வைப்பான். இதில் பாதி பயிற்சிதான், இல்லையென்று சொல்லவில்லை. அப்படித்தான் பெரிய பயில்வான்கள் எல்லாரும் உருவானார்கள். எந்தப் பாதியோடு நிறுத்துவது என்பது கொடுக்கிறவன் இஷ்டம்.

மறுநாள் காலை பத்து மணிக்கு இசோகுமோ என் முன்னால் வந்து உட்கார்ந்தான். குடுமி கட்டுகிற அளவுக்கு முடி கிடையாது. சும்மா வந்து உட்கார்ந்தான். புருவத்தில் வெட்டு. உதடு தடித்திருந்தது.

"செல்லம்னா இதானாண்ணே?"

"இதான்."

"ஏம்ணே அடின்னு சொல்லக் கூடாதா?"

அவனிடம் இருந்த பெரிய கோளாறு அதுதான். ஏன் என்று கேட்பான். கூடத்தில் இளையவனுக்கு உள்ள ஒரே பதில் "சரிங்கண்ணே". இவன் "ஏம்ணே?" என்பான். திமிரில் கேட்கமாட்டான், நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்பான். படகில் அப்படித்தான் பழக்கமாம். ஏன் இந்தப் பக்கம் திருப்புகிறீர்கள் என்று கேட்காதவன் கடலில் விழுவானாம். "இது படகு இல்லடா" என்று சொல்லி ஒவ்வொரு "ஏம்ணே"வுக்கும் ஒன்று வைப்பார்கள். அவன் பேச்சையும் விடமாட்டார்கள். "என்ன சொல்லுதீய, எங்க போறிய" என்று பதினாறு வயதுப் பயல்கள் பழிப்புக் காட்டுவான்கள். அதற்கு மட்டும் அவனும் சேர்ந்து சிரிப்பான்.

நல்லவன். அசட்டு நல்லவன். சமையல்கட்டில் அவன் முறை வந்தால் கூடமே மணக்கும். கணவாயின் குடலை உப்பில் ஊற வைத்து ஒன்று செய்வான், சோறு எவ்வளவு போட்டாலும் பத்தாது. அவனை மிதிக்கிறவன்களும் அதை நக்கி நக்கித் தின்பான்கள். ஒருநாள் நான் காகித நூலை முடிச்சுப் போடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தவன், "அது நழுவிரும்ணே, இங்க கொண்டாங்க" என்று வாங்கி, மீன்காரன் முடிச்சு ஒன்று போட்டுக் காட்டினான். என் தொழிலை எனக்கே கற்றுக்கொடுக்க வந்துவிட்டான் படவா என்று திட்டினேன். ஆனால் அது நழுவவில்லை.

குரோமினேயைப் பற்றியும் சொல்ல வேண்டும். பிறக்கும்போதே கொம்பு முளைத்து வந்தவன் இல்லை அவன். பதினைந்து வயதில் வந்தபோது அவனுக்கு மேலே இருந்தவன் ஒரு மிருகம். முதல் முறை அவன் தலையைப் பிசைந்தபோது முட்டை முட்டையாக மூன்று வீக்கம். குலுங்கிக் குலுங்கி அழுதுகொண்டு, "எண்ணெய் கண்ணுல பட்டுடுச்சுண்ணே" என்றான். நான் எண்ணெய் டப்பாவையே திறக்கவில்லை அப்போது. அந்தப் பையனும் இந்தக் குரோமினேயும் ஒரே ஆள்தான். வாங்கியதைத் திருப்பிக் கொடுக்க ஒரு ஆள் வேண்டுமே, இவன் கிடைத்தான். கொடுத்தவன் எப்போதோ குடுமியை அறுத்துக்கொண்டு ஊருக்குப் போய்விட்டான்.

குரோமினே அந்த வருஷம் மேலே ஏறிக்கொண்டிருந்தான். இன்னும் ஒரு போட்டி நன்றாக ஆடினால் மேல்தட்டுக்குப் போய் மாதச் சம்பளம் வாங்குகிற சம்பளப் பயில்வான். எங்கள் கூடத்தில் ஆறு வருஷமாக அப்படி ஒருவன் இல்லை. அப்படி ஒருவன் இல்லாத கூடத்துக்குப் புரவலர்கள் வரமாட்டார்கள், புதுப் பையன்கள் சேரமாட்டார்கள், கொஞ்ச காலத்தில் கதவைச் சாத்த வேண்டியதுதான். அதனால் குரோமினே தும்மினால்கூட வாத்தியார் எழுந்து ஜன்னலை மூடுவார். அவன் யாரை என்ன செய்தாலும் அவர் கண்ணில் செய்தித்தாள்தான் தெரியும்.

பதினேழு மாதத்தில் இசோகுமோவுக்கு முடி வளர்ந்து, குடுமி கட்டுகிற நாள் வந்தது. சந்தோஷமான நாள் அது. அண்ணன்மார்கள் எல்லாம் வந்து நெற்றியில் சுண்டி வாழ்த்துவார்கள். நான் தலையைப் பிசைந்தேன். இடது காதுக்குப் பின்னால் பழையது ஒன்று, உச்சியில் புதியது இரண்டு, பிடரியில் தொட்டாலே அவன் உடம்பு சிலிர்த்தது. என் விரல் நின்றுபோனது.

"என்னண்ணே நிறுத்திட்டீங்க? முடி போதாதா?"

"முடியெல்லாம் போதும். நீ ஊருக்குப் போயிடுடா."

"போய்? அஞ்சு வருஷம் ஜெயிச்சவன், ஒண்ணரை வருஷத்துல ஓடி வந்துட்டான்னு சொல்லுவாவ. அம்மா எனக்காக ஊர் முழுக்கச் சொல்லி வச்சிருக்கா. நான் போமாட்டேன்ணே."

அந்த அம்மாவிடமிருந்துதான் இரண்டு வாரம் கழித்துக் கடிதம் வந்தது. ஒனோதெரா ஃபுசா. கணவாய் உலர்த்துகிற கொட்டகையில் வேலை. அப்போதெல்லாம் கூடத்தில் ஒரே ஒரு தொலைபேசி, அதுவும் சமையல்கட்டு வாசலில். பத்துப் பேர் காது கேட்க, "நல்லாருக்கேன்ம்மா, நல்லாத் திங்கேன்ம்மா" என்பதைத் தவிர அவனால் வேறொன்றும் சொல்ல முடியாது. அந்த அம்மாவுக்கு மனசில் ஏதோ தட்டியிருக்கிறது. மகன் எப்படி இருக்கிறான், உள்ளதைச் சொல்லுங்கள் என்று கேட்டு எழுதியிருந்தாள்.

கூடத்துக்கு வருகிற கடிதங்களுக்குப் பதில் எழுதுவது நான்தான். என் தூரிகை எழுத்து நன்றாக இருக்கும் என்று பெயர். எழுதினதை வாத்தியார் படித்துப் பார்த்துக் கூடத்தின் முத்திரையைக் குத்துவார். அதனால் உள்ளதை உள்ளபடி எழுத முடியாது. ஒரு காலைப் பொழுது முழுக்க உட்கார்ந்து யோசித்தேன். கடைசியில் இப்படி எழுதினேன்.

"தங்கள் மகனுக்கு இங்கே மூத்தவர்கள் மிகவும் செல்லம் கொடுக்கிறார்கள். குறிப்பாகக் குரோமினே தினமும் தன் கையாலேயே செல்லம் கொடுக்கிறார். தலை வாரிவிடும்போது என் விரலுக்கே அது தெரிகிறது. தாங்கள் ஒருமுறை நேரில் வந்து பார்த்துவிட்டுப் போனால் நல்லது."

எழுதிவிட்டு என்னை நானே மெச்சிக்கொண்டேன். கழுதை! வாத்தியார் கண் முன்னாலேயே அபாயச் சங்கு ஊதிவிட்டோம், இதைப் படித்த தாய் அடுத்த ரயிலில் ஏறி வந்து மகனைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விடுவாள் என்று நினைத்தேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன். பதினைந்து வயதிலிருந்து அந்தச் சுவருக்குள் கிடந்தவன். செல்லம் என்றால் அடி என்பது உலகத்துக்கே தெரியும் என்று எனக்குள் எங்கோ படிந்துபோயிருந்தது. வாத்தியார் படித்தார். இரண்டு முறை படித்தார். "நல்லா எழுதியிருக்கே மாசா. பெத்தவங்க மனசு குளிரும்" என்று சொல்லி முத்திரையைக் குத்தினார். அப்போது அவர் முகத்தில் இருந்த புன்னகைக்கு அர்த்தம் எனக்குப் புரியவில்லை. வெளியில் நாலு இடம் போய்வருகிற மனிதர், அவருக்கு அந்தச் சொல்லின் இரண்டு பக்கமும் தெரியும்.

பத்தாவது நாள் ஒரு பெட்டி வந்தது. ஃபுசா அம்மா வரவில்லை, பெட்டிதான் வந்தது. பாதி உலர்ந்த கணவாய் எண்பது. மேலே ஒரு கடிதம். குரோமினே பெயருக்கு.

மத்தியானச் சாப்பாட்டில் குரோமினே அதைப் பிரித்தான். வாத்தியாரும் மூத்தவர்களும் சட்டியைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். இளையவர்கள் பின்னால் சுவரோரம் நின்று பரிமாறிக்கொண்டிருந்தார்கள். இசோகுமோ கையில் சோற்றுக் கரண்டி. குரோமினே உரக்கப் படித்தான்.

"'என் மகனுக்கு நீங்கள் தினமும் செல்லம் கொடுப்பதாக அறிந்து அழுதேன். இவன் குழந்தையாக இருந்தபோது கொட்டகை வேலையில் இவனை மடியில் வைக்கக்கூட எனக்கு நேரமில்லை. செல்லமே கொடுத்ததில்லை. அதனால் தயவுசெய்து என் பங்கையும் சேர்த்து நீங்களே கொடுத்துவிடுங்கள்.'"

வெடித்தது பாருங்கள் சிரிப்பு. ஒருவன் சோற்றுப் பருக்கை மூக்கில் ஏறி இருமினான். இன்னொருவன் தரையில் விழுந்து புரண்டான். வாத்தியார் குனிந்து சாறு குடித்தார், தோள் குலுங்கியது.

"டேய் இசோ! அம்மாவே ஆர்டர் போட்டுட்டாங்கடா!"

"பங்கையும் சேர்த்தாம்! அப்ப இனிமே ரெட்டை!"

"ஏம்ணேன்னு கேளுடா இப்ப! அம்மாவ போய்க் கேளு!"

குரோமினே கடிதத்தை மடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். "பெரியவங்க பேச்சத் தட்டக் கூடாதுப்பா" என்றான். இசோகுமோ சிரிக்கவில்லை. கரண்டியைப் பிடித்தபடி என்னைப் பார்த்தான். கோபமாகப் பார்த்திருந்தால் தாங்கியிருப்பேன். அவன் பாவமாகப் பார்த்தான், நான்தான் ஏதோ அடி வாங்கியவன் போல. நான் எழுந்து வெளியே போய்விட்டேன்.

மறுநாள் காலை எட்டு மணிக்கு எண்ணெய் டப்பாவோடு கோதா மேடைக்கு வந்தேன். நல்ல வெயில், ஜன்னல் வழியாக மண்ணில் விழுந்துகொண்டிருந்தது. வாத்தியார் மெத்தையில் உட்கார்ந்து செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார். குரோமினே இசோகுமோவைக் கூப்பிட்டான்.

"வாடா. இது என் பங்கு."

இசோகுமோ முட்டினான். குரோமினே அவனை உருட்டினான். இசோகுமோ எழுந்தான்.

"இது அம்மா பங்கு."

மறுபடி உருட்டினான். இப்படியே போயிற்று. என் பங்கு, அம்மா பங்கு, என் பங்கு, அம்மா பங்கு. சுற்றி நின்றவர்கள் முதலில் சிரித்தார்கள். இருபதுக்கு மேல் போனபோது சிரிப்பு நின்றது. இசோகுமோவின் முகத்தில் மண்ணும் சளியும் ரத்தமும் ஒன்றாக இருந்தது. எழும்போது கை தரையைத் தேடியது. ஒருவன்கூட "போதும்ணே" என்று சொல்லவில்லை. நானும்தான். இருபது அடி தூரத்தில் உட்கார்ந்து மெழுகெண்ணெயை உள்ளங்கையில் உருட்டிக்கொண்டிருந்தேன். எனக்கு யார்மேல் கோபம் என்று கேட்டால் முதலில் அங்கே உட்கார்ந்திருந்தவன்மேல்தான்.

கடைசி முறை இசோகுமோ எழுந்து நின்று, முட்டப் போகாமல், "ஏம்ணே?" என்றான். தெளிவாகக் கேட்டது. குரோமினேயின் முகம் மாறியது. இடுப்புக் கச்சையைப் பிடித்துத் தூக்கி எறிந்தான். மூலையில் கையால் குத்திப் பழகுகிற மரத்தூண் இருக்கிறது. அதில் போய் உச்சந்தலை மோதி, கழுத்து மடங்கி விழுந்தான்.

"தண்ணி ஊத்துங்கடா" என்றார் வாத்தியார். ஊற்றினார்கள். கண்ணைத் திறந்தான். நான் ஓடிப் போய்க் குனிந்தேன். அவ்வளவு நேரம் கழித்துத்தான் ஓடினேன்.

"என் கை எங்கணே இருக்கு?" என்று கேட்டான். இரண்டு கையும் அவன் நெஞ்சின்மேல்தான் கிடந்தது.

ஆஸ்பத்திரியில் கழுத்தெலும்பு நொறுங்கி நரம்பு நசுங்கிவிட்டது என்றார்கள். தோளுக்குக் கீழே உணர்வு திரும்பாது, நாள்பட நாற்காலியில் உட்காரலாம் என்றார்கள். தலையின் இரண்டு பக்கமும் இரும்புச் சட்டம் போட்டுக் கட்டியிருந்தார்கள். ஐந்து நாள் கழித்துப் பேச விட்டார்கள். முதலில் என்னைத்தான் பார்க்கக் கேட்டானாம்.

"சுமோ சங்கத்து மேலிடத்திலேருந்து விசாரிக்க வராவளாமே?"

"ஆமா. நாளைக்கு."

"பயிற்சியில நானா தடுக்கி விழுந்தேன்னு வாத்தியார் சொல்லியிருக்காரு. நர்ஸ் சொல்லிச்சு." மூச்சு வாங்கிக்கொண்டு பேசினான். "எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம்ணே. நான் தானா விழல. அடிச்சாங்கன்னு எழுதணும். அந்த ஒரு வார்த்தை மட்டும். நான் சொன்னா தோத்தவன் பொலம்புதான்னு போயிருவாவ. நீங்க சொல்லுங்க. ஒங்க வெரலுக்குத் தெரியும்லா."

சொல்கிறேன் என்று அவன் கையைப் பிடித்துச் சத்தியம் செய்தேன். பிடித்தது அவனுக்குத் தெரிந்திருக்காது.

ஃபுசா அம்மா அன்றைக்குத்தான் வந்து சேர்ந்திருந்தாள். வராந்தாவில் பார்த்தேன். குள்ளம், வெயிலில் கறுத்த முகம், கையில் கணவாய் வாடை. பெயரைச் சொன்னதும் இடுப்பு வளையக் குனிந்தாள். "நீங்கதான் அந்த மாசாவா? ஒங்க கடுதாசிய ஊர் முழுக்கக் காட்டினேன். பதிலுக்குப் பதில் நானும் எழுதினேன், வந்துச்சா?" என்றாள். வந்தது என்றேன். அப்போதே சொல்லியிருக்க வேண்டும்.

மறுநாள் காலை கூடத்தின் மாடி அறையில் எல்லோரும் உட்கார்ந்தோம். மேலிடத்திலிருந்து இரண்டு பேர். ஒருவர் வயதானவர், அந்தக் காலத்துப் பயில்வான். இன்னொருவர் இளைஞர், கண்ணாடி போட்டு, பேனாவும் கையுமாக இருந்தார். வாத்தியார், குரோமினே, ஃபுசா அம்மா, நான்.

"இவருக்கு இங்க அடி உதை ஏதாவது இருந்துச்சா?" என்று கேட்டார் பேனாக்காரர்.

எல்லோருக்கும் முந்தி ஃபுசா அம்மா பேசினாள். "ஐயோ, அப்படிச் சொல்லாதீங்க ஐயா. எம்மவன அவ்வளவு நல்லாப் பாத்துக்கிட்டாவ. இந்தா பாருங்க." பையிலிருந்து என் கடிதத்தை எடுத்து நீட்டினாள். நாலாக மடித்து மடித்து ஓரம் கிழிந்திருந்தது. பேனாக்காரர் படித்துத் தலையை ஆட்டினார். கிழவர் வாங்கிப் படித்தார். படித்துக்கொண்டிருக்கும்போதே அவர் முகம் கல்லானது. தலை நிமிர்ந்து என்னைப் பார்த்தார். நாற்பது வருஷம் கோதாவில் கிடந்தவருக்கு அந்தச் சொல்லைப் புரியவைக்க வேண்டியதில்லை.

"எழுதினது நீதானா?" என்றார்.

"நான்தான் ஐயா." ஃபுசா அம்மாவின் பக்கம் திரும்பினேன். "ஆனா அம்மா, நீங்க நினைக்கிற செல்லம் இல்ல அது. இந்தக் கூடத்துல செல்லம்னா அடி. உங்க மகன ஒண்ணரை வருஷமா அடிச்சாங்க. தினமும் அடிச்சாங்க. தலையில கை வைக்க இடமில்லாம வீங்கியிருந்துச்சு. அன்னிக்கு அவன் தடுக்கி விழல. தூக்கித் தூண்ல எறிஞ்சாங்க. நான் பார்த்தேன்."

சொல்லிவிட்டேன். முப்பத்தைந்து வருஷத்தில் முதல் தடவை. பேனா ஓடுகிற சத்தம் கேட்டது. நெஞ்சு லேசானது போல இருந்தது. குரோமினே தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான், காது சிவந்திருந்தது. ஃபுசா அம்மா என்னையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தாள்.

வாத்தியார் பதறவில்லை. "அப்படியே இருக்கட்டும்" என்றார். அங்கியின் கைமடிப்பிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து, ரொம்ப மரியாதையாக, இரண்டு கையாலும் ஃபுசா அம்மாவின் முன்னால் வைத்தார். "இது உங்க கையெழுத்துதானே அம்மா? எல்லாத்தையும் எழுதினா இதையும் எழுதத்தான் வேணும். உங்க பங்கையும் சேர்த்துக் கொடுக்கச் சொல்லிக் கேட்டிருக்கீங்க."

ஃபுசா அம்மா அதைத் தொடவில்லை. குனிந்து பார்த்தாள். உதடு அசைந்தது, எழுத்துக் கூட்டிப் படிப்பவள் போல. பிறகு குரோமினேயின் பக்கம் திரும்பினாள்.

"எம்பங்கையும் கொடுத்தியாப்பா?"

இருபத்தொரு வயதுப் பயல். ஆமாம் என்று சொல்லாமல் தப்பித்திருக்கலாம். "ஆமாங்கம்மா" என்றான். சொல்லிவிட்டு அழ ஆரம்பித்தான். நிஜ அழுகையா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

அந்தத் தாய் இரண்டு கையையும் பாயில் ஊன்றி, நெற்றி தரையில் பட அவன் முன்னால் விழுந்தாள். "தெரியாம கேட்டுட்டேன்யா. ஒன்னையும் பாவத்துல இழுத்து விட்டுட்டேன். மன்னிச்சிரு" என்றாள். நான் எழுந்து, "அம்மா, எழுந்திருங்க, நீங்க ஒண்ணும் பண்ணல" என்று கத்தினேன். அவள் காதில் விழவே இல்லை. வாத்தியாருக்கும் ஒரு முறை, விசாரிக்க வந்த இரண்டு பேருக்கும் ஒரு முறை தரையில் நெற்றியை வைத்தாள்.

"அம்மா, நான் எப்படி எழுதட்டும்? நீங்க புகார் கொடுக்கிறதா இருந்தா…" என்று பேனாக்காரர் திணறினார்.

"விழுந்துட்டான்னே எழுதிக்கிடுங்க ஐயா. நான் எழுதினத எங்கயும் எழுதிராதீங்க. எம்மவன் படிச்சிருவான்."

பேனாக்காரர் கிழவரைப் பார்த்தார். கிழவர் கண்ணை மூடிக்கொண்டார். பேனா முன்பு எழுதியதன்மேல் ஒரு கோடு போட்டது.

அடுத்த போட்டியில் குரோமினே ஆறு ஆட்டம் ஜெயித்துச் சம்பளப் பயில்வான் ஆனான். மேல்தட்டுக்காரர்களுக்கே உரிய பெரிய குடுமியை அவனுக்கு முதல் முறை கட்டியது நான்தான். வேறு யார் கட்டுவது? புரவலர்கள் வந்தார்கள், புதுப் பையன்கள் சேர்ந்தார்கள், அவர்களுக்கும் செல்லம் கிடைத்தது. வாத்தியார் என்னை வேலையை விட்டு அனுப்பவில்லை, திட்டக்கூட இல்லை. கடிதம் எழுதுகிற வேலையை மட்டும் வேறொருவனுக்குக் கொடுத்தார்.

அதெல்லாம் அப்புறம். விசாரணை முடிந்ததும் நான் நேராக ஆஸ்பத்திரிக்குப் போனேன். வாத்தியாரின் மனைவி ஃபுசா அம்மாவைச் சாப்பிட உட்கார வைத்திருந்தாள், அதனால் முதலில் போனது நான். இசோகுமோ கூரையைப் பார்த்தபடி கிடந்தான். என் காலடிச் சத்தம் அவனுக்குத் தெரியும்.

"சொன்னீங்களாண்ணே?"

"சொன்னேன்."

"அடிச்சாங்கன்னு?"

"அந்த வார்த்தையையே சொன்னேன்டா."

அவன் முகத்தில் வந்த சந்தோஷம் இருக்கிறதே, பதினெட்டு மாதத்தில் எந்த ஆட்டம் ஜெயித்தபோதும் நான் அதைப் பார்த்ததில்லை. "அப்போ எழுதிட்டாவ" என்றான்.

நான் அவன் போர்வையை இழுத்துச் சரிசெய்தேன்.

"எழுதலியா?"

"விழுந்துட்டான்னு எழுதியிருக்காங்க."

"யார் சொல்லி?"

பொய் சொல்லியிருக்கலாம். வாத்தியார் என்று சொல்லியிருக்கலாம், நம்பியிருப்பான். பொய் சொல்லிச் சொல்லியே இத்தனை தூரம் வந்தாயிற்று என்று நினைத்தேன்.

"உங்கம்மா" என்றேன்.

வராந்தாவில் செருப்புச் சத்தம் கேட்டது. அவன் அம்மா நர்ஸிடம் ஏதோ கேட்டுக்கொண்டு வந்துகொண்டிருந்தாள்.

"அண்ணே, என் தலைய அந்தச் செவுத்துப் பக்கம் திருப்பி விட்டுருங்க" என்றான்.

இரும்புச் சட்டம் போட்டிருந்தது, திருப்ப முடியாது என்று சொன்னேன்.

"அப்போ கண்ண மூடி விடுங்க. நான் தூங்குதேன்னு சொல்லுங்க."

கண்ணை அவனே மூடிக்கொள்ள முடியும். ஆனாலும் நான் குனிந்து, இரண்டு விரலால் அவன் இமைகளை மூடிவிட்டேன். கதவு திறந்தது. "தூங்குறான்ம்மா" என்று சொன்னேன்.